பந்தியில் இடம் கேட்ட பாவலர்: லாங்ஸ்டன் ஹியூஸ்

விருந்து நடக்கும் வீட்டில் பந்திக்கு அழைக்கப்படாமல், கொல்லைப்புறத்தில் இலை போடப்பட்டு உண்டெழுந்தவர்களின் மக்கள் நாம். ஆதலின், விருந்தினர் வரும்போதெல்லாம் சமையற்கட்டுக்கு விரட்டப்பட்ட ஒருவன், நாளை இந்தப் பந்தியிலேயே வந்து அமர்வேன் என்று உறுதி கூறுவதாகப் பாடிய ஓர் அயல்நாட்டுக் கவிஞரைப்பற்றி இவ்விதழில் எழுதுவதற்கு நாம் முன்னுரை ஏதும் தேட வேண்டுவதில்லை. அவர் பெயர் லாங்ஸ்டன் ஹியூஸ். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே தோன்றி, அந்நாடு உலகறியக் கொடுத்த வாக்கையும் அதைக் காப்பாற்றாமல் விட்ட கதையையும் வாழ்நாள் முழுதும் பாடியவர் அவர்.

அவர் பிறந்த காலத்தின் நிலையை முதலில் அறிதல் நலம். 1776-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தம் விடுதலையைப் பறைசாற்றியபோது, மாந்தர் யாவரும் பிறப்பால் சமம் என்பதையே அதற்கு அடிக்கல்லாக நாட்டின. அந்த அறிக்கையை எழுதிய ஜெபர்சன் தாமே நூற்றுக்கணக்கான அடிமைகளை உடையவராக இருந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1868-இல் குடியுரிமையும், 1870-இல் ஆடவர்க்கு வாக்குரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டன. ஏட்டில் எழுதியது ஏட்டோடு நின்றது. 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இனத்துக்கு இனம் இரயில் பெட்டியைப் பிரித்து வைத்தல் சமத்துவத்துக்கு மாறானதன்று என்று தீர்ப்பளித்துவிட்டது. அதன்பின் தென் மாநிலங்களில் பள்ளி தனி, மருத்துவமனை தனி, குடிநீர்க் குழாய் தனி, இடுகாடும் தனி என்றாயிற்று. இம்முறைக்கு ஜிம் குரோ என்று பெயர். இரட்டைக் குவளையையும் இரட்டைச் சுடுகாட்டையும் கண்ட நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அத்தீர்ப்பு வெளிவந்து ஆறாண்டுகள் நிறைவதற்குள் மிசௌரி மாநிலத்து ஜாப்லின் நகரில், பிப்ரவரித் திங்கள் 1-ஆம் நாள், ஹியூஸ் பிறந்தார். ஆண்டு 1902 என்றே அவர் தாமும் எண்ணியிருந்தார். நூல்களும் அவ்வாறே எழுதி வந்தன. 2018-இல் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய உள்ளூர் நாளிதழ்ச் செய்திகளைக் கண்டெடுத்து, 1901 என்பதே சரியெனக் காட்டினார். தம் மக்களின் பிறந்த நாளைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வாய்ப்பற்ற சமூகங்களுக்கு இது புதுமையன்று. நம் பாட்டன்மாருள் எத்தனை பேர் தம் வயதைப் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் வைத்துக் கணக்கிட்டார்கள்!

தந்தையும் தாயும் பிரிந்து வாழ்ந்தமையால் குழந்தையை வளர்த்தவர் தாயைப் பெற்ற பாட்டியார் மேரி லாங்ஸ்டன். கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் அவர் வீடு இருந்தது. இப்பெருமாட்டியின் வரலாறு தனியே எழுதத் தக்கது. இவருடைய முதற்கணவர் லூயிஸ் ஷெரிடன் லியரி என்பவர், அடிமைகளை விடுவிக்கும் பொருட்டு 1859-இல் ஜான் பிரவுன் என்னும் வெள்ளையர் தலைமையில் ஹார்ப்பர்ஸ் பெரி என்ற இடத்துப் படைக்கலச் சாலையைத் தாக்கச் சென்ற சிறு கூட்டத்தில் ஒருவர். சுடப்பட்டு அங்கேயே உயிர் துறந்தார். குண்டு துளைத்த அவருடைய போர்வை மட்டும் மனைவியிடம் வந்து சேர்ந்தது. பாட்டியார் அதைப் பொன்போல் காத்தார். குளிர் இரவுகளில் சிறுவன் லாங்ஸ்டனுக்குப் போர்த்துவதும் உண்டு. இரண்டாம் கணவர் சார்லஸ் லாங்ஸ்டனும் அடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். அவர்தம் தம்பி ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வர்ஜீனியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றவர்.

இவ்வளவு பெருமையும் வீட்டுக் கடனை அடைக்க உதவவில்லை. பிறர் வீட்டில் துணி துவைக்கவோ சமைக்கவோ அம்மையார் உடன்பட்டதில்லை. கல்லூரி மாணவர்க்கு அறைகளை வாடகைக்கு விட்டே காலம் கழித்தார். சில சமயம் வீடு முழுவதையும் வாடகைக்கு விட்டுவிட்டு, பேரனோடு தோழி ஒருவர் வீட்டில் ஒதுங்கியதும் உண்டு. 1910-இல் ஆசவாட்டமி என்னும் ஊரில் ஜான் பிரவுனின் நினைவைப் போற்றும் பெருங்கூட்டம் நடந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பேசிய அக்கூட்டத்தில், ஹார்ப்பர்ஸ் பெரி வீரரின் கைம்பெண் என்ற முறையில் பாட்டியாரை மேடையேற்றிச் சிறப்புச் செய்தார்கள். மேடையிலிருந்து இறங்கிய பின் அவர் மீண்டும் அந்தக் கடன் தீராத வீட்டுக்கே வந்தார். இரவில் பேரனை மடியில் இருத்திக்கொண்டு அவர் சொல்லிய கதைகள் யாவும் உண்மைக் கதைகள். மாந்தர் உழைத்தார்கள், சூழ்ச்சி செய்தார்கள், போரிட்டார்கள். எவரும் அழுததாக அக்கதைகளில் இல்லை. பிற்காலத்தில் ஹியூஸின் பாட்டுகளில் துயரமும் சிரிப்பும் ஒருங்கே நிற்பதற்கும், ஒப்பாரி அருகிக் காண்பதற்கும் இப்பாட்டியாரே முதற்காரணம் என்பது நம் கருத்து.

தாயார் கேரியும் அஞ்சாதவர். டொபீகா நகரில் வேலை பார்த்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளி தொலைவில் இருந்தமையால், அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியிலேயே மகனைச் சேர்க்கக் கேட்டார். தலைமையாசிரியர் மறுத்தார். அம்மையார் கல்விக் குழு வரை சென்று வாதாடி வென்றார். பிள்ளை சேர்ந்தான், வகுப்பில் ஓர் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டான். இதே டொபீகா நகரிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1954-இல் உச்ச நீதிமன்றம் இனம் பிரித்த பள்ளிகள் சட்டத்துக்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. ஒரு தாய் தனியே நின்று பெற்றதைச் சட்டம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

பாட்டியார் 1915-இல் மறைந்தார். தாயாரிடம் சென்ற சிறுவன் இல்லினாய் மாநிலத்து லிங்கன் என்னும் சிற்றூரில் பள்ளி இறுதி விழாவுக்கு வகுப்புக் கவிஞனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அதுவரை அவன் ஒரு பாட்டும் எழுதியதில்லை. கவிதைக்குத் தாளம் வேண்டும், கருநிறத்தார்க்குத் தாளம் பிறவியிலேயே உண்டு என்னும் மூட நம்பிக்கையால் வெள்ளைப் பிள்ளைகள் தம்மைத் தேர்ந்தெடுத்ததாக ஹியூஸ் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதினார். இழிவாகப் பிறந்த எண்ணமும் சில வேளை நன்மையில் முடிகிறது. கிளீவ்லாந்து நகரத்து உயர்நிலைப் பள்ளியில் படிக்கையில் பள்ளி இதழில் தொடர்ந்து எழுதலானார்.

இனித் தந்தையாரைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஹியூஸ் அறிவும் ஊக்கமும் உடையவர், வழக்குரைஞராக விரும்பியவர். நிறத்தின் காரணமாகக் கதவுகள் அடைபடக் கண்டு, அமெரிக்காவை வெறுத்து மெக்சிக்கோ நாட்டுக்குப் போய்ப் பொருளீட்டினார். அவமதிக்கும் ஊரை விட்டு வெளியேறியதை நாம் குறை கூறோம். ஆனால் ஊரை விட்டவர் ஊராரின் கண்ணோட்டத்தை விட்டாரில்லை. ஏழைகளாய்க் கிடக்கும் தம் இனத்தாரைச் சோம்பேறிகள், அறிவிலிகள் என்று வெள்ளையரினும் கடுமையாக இகழ்ந்தார். மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடி ஏழைகளையும் அவ்வாறே ஏசினார். மகன் அவரிடம் சென்று தங்கிய முதற்கோடையிலேயே, வெறுப்பை அடக்கிக்கொண்டதன் விளைவாக நோய்வாய்ப்பட்டான். படித்து, உத்தியோகம் பெற்று, நகரத்தில் வீடு கட்டிக்கொண்டபின் சேரியின் பெயரைச் சொன்னாலே முகஞ்சுளிப்பவர் நம்மவருள்ளும் உளர் என்பதால்தான் இதை எழுதுகிறோம். இகழ்ந்தவனை விட்டு ஓடலாம். இகழ்ச்சி உள்ளே புகுந்துவிட்டால் அதையும் சுமந்துகொண்டே ஓட வேண்டும்.

1920-இல், பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டாம் முறை தந்தையைக் காணச் செல்லும்போது, மாலை வெயிலில் இரயில் மிசிசிப்பிப் பேராற்றின் பாலத்தைக் கடந்தது. அந்த ஆற்றின் வழியாகவே அடிமைகள் தெற்கே விற்கப்பட்டனர் என்பதைப் பாட்டியார் கதைகளால் அறிந்திருந்த இளைஞருக்கு உள்ளம் பொங்கிற்று. தம் இனத்தார் ஏன் இகழப்பட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே, தந்தையார் கடிதத்தின் உறையின் பின்புறத்தில், பண்டைய ஆறுகளின் கரையில் வாழ்ந்த ஓர் இனத்தின் தொன்மையைப்பற்றிச் சில வரிகள் எழுதினார். இகழும் தந்தையின் கடித உறையில், இகழப்பட்டவரின் பெருமை எழுதப்பட்டது. 1921 ஜூன் மாதத்தில் அதை வெளியிட்டது டு பாய்ஸ் என்னும் பேரறிஞர் ஆசிரியராக இருந்த கிரைசிஸ் இதழ். இதே டு பாய்ஸ் அவர்களுக்கே 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் படி வேண்டுமென்று கேட்டார் என்பதும், டு பாய்ஸ் அன்போடு விடை எழுதினார் என்பதும் நம் அன்பர்கள் நினைவிற்கொள்ளத் தக்கன.

மகன் சுரங்கப் பொறியியல் கற்க வேண்டும், அதையும் ஐரோப்பாவில் கற்க வேண்டும் என்பது தந்தையாரின் கட்டளை. சுரங்கம் என்றால் என்ன என்பதைக் கோலார் தங்கவயல் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் கவிஞருக்கு அதில் மனமில்லை. இறுதியில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் என்று உடன்பாடு ஏற்பட்டது. 1921-இல் ஹார்ட்லி விடுதியில் அறை கேட்டு வந்து நின்றபோது அலுவலகத்தார் திகைத்தனர். கடிதம் மெக்சிக்கோவிலிருந்து வந்தமையால் கருநிறத்தாரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அறை கொடுத்தார்கள், நட்புக் கொடுத்தவர் மிகச் சிலர். 1913-இல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்த நம் அண்ணல் முதலிற் சில நாட்கள் தங்கியதும் அதே ஹார்ட்லி விடுதியே. இந்தியத் தீண்டாமையிலிருந்து அங்கே சென்ற ஒருவருக்கு அவ்விடம் சமத்துவக் காற்று வீசும் இடமாயிருந்தது; அந்நாட்டிலேயே பிறந்த ஒருவருக்கு அது குளிர்ந்த இடமாயிற்று. ஓராண்டு கழிந்ததும் ஹியூஸ் படிப்பை விட்டார். பல்கலைக்கழகத்தினும் அதன் அருகிலிருந்த ஹார்லம் என்னும் கறுப்பின மக்களின் பேரூரே அவருக்கு ஆசானாயிற்று.

1923-இல் சரக்குக் கப்பலொன்றில் ஊழியராகச் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயார்க் கரையை நீங்கியதும் தாம் சுமந்து வந்த புத்தகங்களைக் கடலில் எறிந்துவிட்டார். அமெரிக்கக் குடியாட்சியைப் பாடிய வால்ட் விட்மனின் கவிதை நூல் ஒன்றை மட்டும் எறியவில்லை. தம் முன்னோர் நாட்டை அடைந்தபோதோ, அங்குள்ளோர் அவருடைய செம்பழுப்பு நிறத்தையும் நேரான முடியையும் பார்த்துவிட்டு, இவர் கறுப்பர் அல்லர் என்று நகைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பர், ஆப்பிரிக்காவில் வெள்ளையர்! பிறப்பை வைத்து மனிதரை அளப்பது எத்துணைப் பொய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மறு ஆண்டு பாரிசு நகரில் கேளிக்கை விடுதியொன்றின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினார். பின் இத்தாலிக்குச் சென்று திரும்பும்போது இரயிலில் உறங்குகையில் கடவுச்சீட்டும் பணமும் களவு போயின. ஜெனோவாத் துறைமுகத்தில் கையிற் காசின்றி அலைந்தார். அமெரிக்கக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உடனிருந்த வெள்ளை மாலுமிகளை ஏற்றிக்கொண்டு போயின. இவரை எவரும் ஏற்கவில்லை. சொந்த நாட்டின் கொடி பறக்கும் கப்பல் கண்ணெதிரே நிற்க, அதில் கால்வைக்க இடமில்லை. அந்நாட்களில் எழுதியதே நாம் தொடக்கத்தில் குறித்த பந்திப் பாட்டு. ஐ, டூ என்பது அதன் பெயர். நானும் என்று பொருள். விட்மன் அமெரிக்காவைப் பாடினார் அல்லரோ, நானும் அவ்வமெரிக்காவே என்று சமையற்கட்டிலிருந்து ஒருவன் சொல்லும் சிறு பாட்டு அது. அதில் சாபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. உண்டு வளர்கிறேன், நாளை வருவேன் என்னும் திடம் மட்டுமே உண்டு. முடிவில் கருநிற மாலுமிகளே பணிபுரிந்த கப்பலொன்று கூலியின்றி வேலை வாங்கிக்கொண்டு அவரை நியூயார்க்கில் சேர்த்தது.

1925-இல் வாஷிங்டன் நகரத்துப் பெரிய விடுதியில் எச்சில் தட்டுகளை அகற்றும் வேலையில் இருந்தபோது, வேச்சல் லிண்ட்சே என்னும் புகழ்பெற்ற கவிஞர் அங்கே உண்ண வந்தார். ஹியூஸ் மூன்று பாட்டுகளை அவர் தட்டின் அருகில் வைத்துவிட்டு வாய் பேசாமல் அகன்றார். அன்றிரவே லிண்ட்சே அவற்றைத் தம் அவையிற் படித்துக் காட்ட, மறுநாள் செய்தித்தாளினர் விடுதிக்கு வந்துவிட்டனர். முதல் நூல், தி வியரி புளூஸ், 1926-இல் வெளிவந்தது. புளூஸ் என்பது அம்மக்களின் நாட்டுப் பாடல் வகை. உழைத்துக் களைத்தவர் தம் துன்பத்தைத் தாமே பாடித் தாமே சிரித்துக்கொள்ளும் பாட்டு. நம் தெம்மாங்கையும் கும்மியையும் ஒத்தது எனலாம். அந்த மெட்டை அச்சிட்ட கவிதைக்குள் கொணர்ந்தது ஹியூஸின் பெருந்தொண்டு. அவ்வாண்டிலேயே அவர் எழுதிய கட்டுரை ஒன்று, கறுப்பினக் கவிஞர் என்று அறியப்பட விரும்பாத ஓர் இளங்கவிஞரின் மனத்தில் வெள்ளையராகும் ஆசை ஒளிந்திருப்பதை எடுத்துக் காட்டிற்று. 1927-இல் வந்த அடுத்த நூலில் சலவைப் பெண்களையும், குடியரையும், விடுதி வேலைக்காரரையும் அவரவர் பேச்சிலேயே பாடியபோது, வெள்ளையர் ஏடுகளைக் காட்டிலும் கறுப்பினத்தாரின் ஏடுகளே அதிகமாகச் சீறின. நம் அழுக்கை ஊரார்முன் அலசலாமா என்பது அவற்றின் குறை. அழுக்கு என்று அவர்கள் கண்டது உழைப்பாளர் வாழ்க்கையை. தந்தையின் குரல் இத்தடவை செய்தித்தாள் வழியே கேட்டது போலும். ஹியூஸ் அசையவில்லை.

பெனிசில்வேனியாவிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1929-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பொருளாதார வீழ்ச்சி தொடங்கிற்று. அதுவரை அவருக்குப் பொருளுதவி செய்துவந்த முதிய செல்வச் சீமாட்டி, கறுப்பர் என்றால் ஆதி மாந்தரின் எளிமையோடு பாட வேண்டும் என்று எதிர்பார்த்தார். 1930-இல் அத்தொடர்பு முறிந்தது. கவிஞர் நொந்தார், ஆயினும் விடுபட்டார். கல்விப் பணியில் புகழ்பெற்ற மேரி மெக்லியாட் பெத்யூன் அம்மையாரின் தூண்டுதலால், 1931 முதல் பழைய கார் ஒன்றில் தென் மாநிலங்களெங்கும் சென்று, பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பாட்டுகளைப் படித்தார். ஏழைகள் வாங்கத்தக்க மலிவுப் பதிப்புகளையும் உடன் கொண்டு சென்றார். வழியில் தங்க விடுதி இல்லை, உண்ணக் கடை இல்லை; தம்மவர் வீடுகளே சத்திரம். அலபாமா மாநிலத்தில் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பிடிக்கப்பட்டு, எண்மர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கு அப்போது நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. சிறைக்குள் சென்று அவர்கள் முன் ஹியூஸ் கவிதை படித்தார்.

1932-இல் படம் எடுக்கும் குழுவொன்றோடு சோவியத் நாட்டுக்குச் சென்றார். படம் எடுக்கப்படவில்லை, மத்திய ஆசியப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்துப் பல எழுதினார். 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைக் கண்டு எழுதும் நிருபராகச் சென்றார். அக்கால எழுத்துகள் சினமும் வேகமும் மிக்கவை. அவற்றுள் சில வெறும் முழக்கமாய் நின்றுவிட்டன என்றும் சொல்லவேண்டும். புகழ் பாடுதலே நம் நோக்கம் அன்று.

ஆனால் 1935-இல், நோயுற்ற தாயாரைக் காண ஒஹையோவுக்குச் செல்லும் இரயிலில் அமர்ந்து எழுதிய பாட்டு வேறு வகை. அமெரிக்கா மீண்டும் அமெரிக்காவாகட்டும் என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பை மட்டும் பார்ப்போர் பழம்பெருமை பேசும் பாட்டென்று மயங்குவர். அதன் அமைப்பே அம்மயக்கத்தை உடைப்பதற்காக ஆனது. ஒரு குரல் தேசத்தின் பழைய கனவை உயர்த்திப் பாடிக்கொண்டு போகிறது. இடையிடையே, அடைப்புக் குறிக்குள், மற்றொரு குரல் தனக்கு அந்நாடு ஒருநாளும் அவ்வாறு இருந்ததில்லையென்று முணுமுணுக்கிறது. முணுமுணுப்பது யார் என்று முதற்குரல் அதட்டுகிறது. அப்போது அடைப்புக் குறிக்குள் அடங்கிக் கிடந்தவர் வெளியே வருகிறார்கள். கறுப்பர் மட்டும் அல்லர். நிலத்தைப் பறிகொடுத்த செவ்விந்தியர், ஏமாற்றப்பட்ட ஏழை வெள்ளையர், கப்பலேறி வந்த கூலிகள், உழவர், ஆலைத் தொழிலாளர் எல்லோரும் வருகிறார்கள். இதுவரை இல்லாத அந்த நாட்டை இனி நாங்களே உண்டாக்குவோம் என்று சூளுரைக்கிறார்கள். இல்லாத பொற்காலத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம், வாக்குறுதி பொய்த்ததென்று அதைக் குப்பையில் எறியவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவன் ஏமாற்றினாலும் பத்திரம் நம் கையில் இருக்கிறது என்பது இப்பாட்டின் வழக்கு. 1936-இல் ஓர் இதழ் அதன் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டது. முழுப்பாட்டு 1938-இல் நூலில் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் உரிமைக்காகப் போரிடுவதாகக் கூறிய அந்நாடு, கறுப்பினப் போர்வீரரைத் தனிப் படைகளில் வைத்தது. போரில் காயமுற்றோர்க்காகச் சேர்த்த குருதியையும் நிறவாரியாகப் பிரித்து வைத்தது. சீசாவில் அடைத்த இரத்தத்திலும் தீட்டு! 1943-இல் டெட்ராய்ட் முதலிய நகரங்களில் இனக் கலவரங்கள் எழுந்தபோது, வெளியே ஒரு சர்வாதிகாரியோடும் உள்ளே ஜிம் குரோவோடும் எத்தனை காலம் ஒரே சமயத்தில் போரிடுவது என்று ஹியூஸ் பாட்டில் கேட்டார். சிகாகோ டிபெண்டர் என்னும் கறுப்பினத்தார் வார இதழில் 1942 முதல் இருபதாண்டளவு அவர் எழுதிய பத்தியில் சிம்பிள் என்னும் எளிய ஹார்லம் தொழிலாளி ஒருவன் வந்து பேசுவான். தேநீர்க் கடையில் நாம் கேட்கும் குத்தலும் குறும்பும் அவன் பேச்சில் அப்படியே இருக்கும்.

1947-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை விரித்துரைக்க விரும்புகிறோம். விடுதலை இரயில் என்று பெயரிட்டு, அடிமை ஒழிப்புப் பிரகடனம் முதலிய நாட்டின் அரிய ஆவணங்களை ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டு சென்று மக்களுக்குக் காட்டுவதென ஏற்பாடாயிற்று. உடனே ஹியூஸ் ஒரு கவிதை எழுதினார். இந்த வண்டியிலும் எங்களுக்குத் தனிப் பெட்டியா, ஏறுவதற்குத் தனி வாயிலா, தெற்கே போகும்போது விடுதலை எந்த வரிசையில் நிற்கும் என்னும் பொருள்பட வெள்ளை மனத்தோடு வினவுவது போன்ற பாட்டு அது. பாட்டு ஊரெங்கும் பரவிற்று. ஆவணங்களைக் காணும் வரிசையில் நிறம் பிரிக்கலாகாது என்று ஏற்பாட்டாளர் விதித்தனர். மெம்பிஸ் நகரமும் பர்மிங்ஹாம் நகரமும் பிரித்துத்தான் காட்டுவோம் என்று பிடிவாதம் செய்யவே, அவ்விரு நகரங்களிலும் வண்டி நிற்காதென அறிவிக்கப்பட்டது. அதே 1947-இல் நம் நாடு விடுதலை பெற்றது. அரசியல் சட்டத்தை ஆக்கிய அண்ணல், 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருளியலிலும் ஏற்றத்தாழ்வும் உடைய முரண்பட்ட வாழ்வுக்குள் நாம் புகப்போகிறோம் என்று எச்சரித்ததை அன்பர்கள் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

1951-இல் ஹார்லம் வாழ்வைப் பாடும் நூல் வந்தது. ஒத்திவைக்கப்பட்ட கனவு என்பது அந்நூற் பெயரிலேயே அமைந்தது. தள்ளித் தள்ளி வைக்கப்படும் நீதி என்ன ஆகும் என்று, சமையலறையிலும் சந்தையிலும் காணும் பண்டங்களை வைத்தே கேட்கும் பதினோரு வரிப் பாட்டு அதில் உண்டு. லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்னும் இளம்பெண் 1959-இல் அரங்கேற்றிய புகழ்பெற்ற நாடகத்தின் தலைப்பு அப்பாட்டிலிருந்தே எடுக்கப்பட்டது.

இனிக் கூறுவது மகிழ்ச்சியான பகுதி அன்று. மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. 1953 மார்ச்சில் மெக்கார்த்தி என்னும் செனட்டரின் விசாரணைக் குழு ஹியூஸை வரவழைத்தது. பொதுவுடைமைக்காரர் என்று சந்தேகிக்கப்பட்டோரை ஊரறிய விசாரித்து, வேலையும் மானமும் போகச் செய்வது அக்குழுவின் தொழில். கட்சியில் தாம் உறுப்பினராயிருந்ததில்லை என்று ஹியூஸ் கூறினார். எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் முன்னாளில் எழுதிய தீவிரமான பாட்டுகளிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டு பேசினார். 1954-இல் சிறுவர்க்காக அவர் எழுதிய புகழ்பெற்ற கறுப்பினத்தார் வரலாற்று நூலில் டு பாய்ஸ் பெயர் இடம்பெறவில்லை. முதற்பாட்டை அச்சிட்டவரின் பெயர்! 1959-இல் தாமே தேர்ந்து வெளியிட்ட தொகுப்பிலும் பழைய தீவிரப் பாட்டுகள் பெரும்பாலும் விடப்பட்டன.

இதைக் கோழைத்தனம் என்று அன்றே பலர் கூறினர். நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்பளிக்க மாட்டோம். பால் ராப்சன் என்னும் மாபெரும் பாடகர் தலைவணங்க மறுத்தார். அவருடைய கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது, மேடைகள் அடைக்கப்பட்டன, குரலே முடக்கப்பட்டது. ஹியூஸ் எழுத்தொன்றையே தொழிலாகக் கொண்டு பிழைத்த ஏழை. தம் மக்கள் படிக்கும் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் தம் நூல்கள் அகற்றப்படாமல் இருக்க வேண்டுமென்று கருதினார். அதற்காகக் கொடுத்த விலை பெரிது. டு பாய்ஸின் பெயரை விட்டது நமக்கு இன்றும் உறுத்துகிறது. ஆயினும் ஹார்லத்தை விட்டு அவர் போகவில்லை. கிழக்கு 127-ஆம் தெருவில் வாங்கிய சிறு வீட்டில், வாயிலின் எதிரே அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சிறு தோட்டம் அமைத்து, ஆளுக்கொரு செடியாகப் பெயரிட்டு வளர்க்கச் செய்தார். புதிதாய் எழுத வரும் இளைஞர்க்கெல்லாம் அவ்வீட்டின் கதவு திறந்தே இருந்தது.

1954-இன் பள்ளித் தீர்ப்பையும், மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் எழுந்த அறப்போரையும், 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் காண அவருக்கு வாழ்நாள் இருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த கேட்டால் 1967 மே 22-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அவர் இறுதியாகத் தொகுத்து வைத்த கவிதை நூல் அவ்வாண்டே வெளிவந்தது. சிறுத்தையும் சாட்டையும் என்பது அதன் பெயர்ப் பொருள். விட்டுவிட்ட பழைய சினப் பாட்டுகள் சில அதில் திரும்பி வந்திருந்தன. ஐந்தாண்டு கழித்து, 1972-இல், பம்பாயில் நம் மராத்திய இளைஞர்கள் தலித் சிறுத்தைகள் என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரையே தமக்கும் கொண்டனர்.

ஹியூஸின் உடல் எரியூட்டப்பட்டது. அழுகை வேண்டாமென்பது போல, இறுதிச் சடங்கில் ஜாஸ் இசைதான் ஒலித்தது. 1991-இல் அவருடைய சாம்பல், ஹார்லத்தில் கறுப்பின மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் காக்கும் ஷோம்பர்க் நூலகத்தின் கூடத் தரையில் அடக்கம் செய்யப்பட்டது. அதன்மேல் ஆறுகளின் கோடுகள் ஓடும் வட்டவடிவச் சித்திரம் பதிக்கப்பட்டிருக்கிறது. கடித உறையின் பின்புறத்தில் அன்று எழுதிய ஆறுகளே அவை. கூட்டம் கேட்க வருவோரும், படிக்க வரும் பிள்ளைகளும் அந்தத் தரையின்மேல் நடந்தே உள்ளே செல்கிறார்கள்.